இருக்க வந்தனான் இல்லை

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த அந்த வீட்டில் நேரம் எப்போதும் அரை மணித்தியாலம் பிந்தியே ஓடியது. அலுமாரிக்கு மேல் சாய்த்து வைத்திருந்த மணிக்கூடு ஏழரை காட்டினால் வெளியே உலகத்துக்கு எட்டு மணி. மணிக்கூட்டில் பழுது ஒன்றும் இல்லை. வீட்டை நடத்திய அக்கா அதை அப்படித்தான் வைத்திருந்தார்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளிய காலம் அது. வடக்கே வன்னியை ஆண்ட இயக்கம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே பழைய நேரமே இருந்தது. ஒரே தீவில் இரண்டு நேரம். கொழும்பில் இருந்துகொண்டு வன்னியின் நேரத்தில் சோறு காய்ச்சியவர், எனக்குத் தெரிந்து, அக்கா ஒருவர்தான்.

நான் அங்கே மூன்று வருடங்கள் கட்டில் வாடகைக்கு இருந்தேன். ஜிந்துப்பிட்டியில் எங்கள் வீடு ஒரே அறை, எட்டுப் பேர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். காலி வீதியில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்ததும், வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்க ஒரு மேசையும் கொஞ்சம் அமைதியும் வேண்டும் என்று என் சம்பளத்தில் வெள்ளவத்தையில் கட்டில் எடுத்தேன். அம்மா அதை, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் நிறைந்த எங்கள் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

முதல் நாளே அக்கா கேட்டார்:

“பிள்ளைக்கு எந்த ஊர்?”

“கொழும்புக்கா.”

“அது சரி. சொந்த ஊர்?”

“கொழும்புதான். ஜிந்துப்பிட்டி. எங்க தாத்தாவும் அங்கதான் பிறந்தாரு.”

அவர் என்னை ஏதோ சுகமில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கொழும்பைச் சொந்த ஊர் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பதை அவர் அதுவரை யோசித்ததே இல்லை. அவருக்குக் கொழும்பு ஒரு பஸ் நிலையம். நிற்கலாம், சாப்பிடலாம், தூங்கிக்கூடப் போகலாம். ஆனால் யாரும் பஸ் நிலையத்தில் குடியிருப்பதில்லை.

அக்கா கிளிநொச்சிக்காரர். சண்டையில் ஊர் கலைந்தபோது ஒரே மகனைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தவர். கணவர் வரவில்லை. வீடு உடைந்தாலும் வளவு இருக்கிறது என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். மகன் வளர்ந்து கனடாவில் இருக்கும் மாமனிடம் போய்ச் சேர்ந்தான். அக்கா, மகன் தன்னையும் கூப்பிடுவான் என்று விசாவுக்குக் காத்துக்கொண்டு, ஒரு அறையை வேலைக்குப் போகும் பெண்களுக்கு விட்டிருந்தார். ஒரு கட்டிலில் நான். மற்றதில் களுபோவில ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த மட்டக்களப்புப் பிள்ளை.

“நான் இஞ்ச இருக்க வந்தனான் இல்லை.” இதுதான் அக்காவின் பேச்சு. எதற்கும் இதுவே பதில். அரிசி ஏன் ஒவ்வொரு கிலோவாக வாங்குகிறீர்கள்? இருக்க வந்தனான் இல்லை. யன்னலுக்குச் சீலை போடுவோமா? இருக்க வந்தனான் இல்லை. சுவரில் அவர் ஒரு ஆணி அடிக்கவில்லை, அடிக்க விடவும் இல்லை. சாமிப் படங்கள்கூடக் கதிரை ஒன்றில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வீட்டுச் சொந்தக்காரரான முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், வருடப் பிறப்புக்குக் கலண்டரோடும் சுத்தியலோடும் வந்து, தன் சொந்தச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போவார். போகும்போது மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, “புள்ளே, சூரியன் ரெண்டு கவர்மெண்டுக்கும் ஒண்டுதானே?” என்று கேட்பார். “அப்ப ஏன் நானா உங்கட கவர்மெண்ட் அதைத் தள்ளி வச்சது?” என்பார் அக்கா.

ஏழு வருடங்கள் கொழும்பில் இருந்தும் சிங்களத்தில் ஒரு சொல் அவர் கற்றுக்கொள்ளவில்லை. சந்தையில் கையால் காட்டுவார். மீன்காரன் விலையைச் சொன்னால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. தெருவில் விளையாடிப் பழகியது, பிறகு படித்தும் தேறியது. அக்காவுக்குப் பக்கத்தில் நின்று மீன்காரனோடு மல்லுக்கட்டும்போது எனக்குள் ஒரு மிதப்பு இருந்ததை மறைக்க மாட்டேன். வெள்ளவத்தையில் என் பேச்சைக் கேட்டதும் ‘இந்தப் பிள்ளை ஜிந்துப்பிட்டிப் பக்கத்து ஆள்’ என்று கண்ணாலேயே ஒதுக்கியவர்கள் உண்டு. அக்கா அப்படிச் செய்யவில்லை. அவருக்கு நான் தேவைப்பட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு விடிகாலை பொலிஸ் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தது. அடையாள அட்டைகளைப் பார்த்து முடித்த நடுத்தர வயதுப் பொலிஸ்காரர் ஒருவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். மீண்டும் மணிக்கூட்டைப் பார்த்தார். வன்னி நேரத்தில் மணிக்கூடு வைத்திருக்கும் வீடு என்று ஒரு சொல் போதும், எங்களை வண்டியில் ஏற்ற. நான் முந்திக்கொண்டு, பேட்டரி இறங்கிவிட்டது சேர், மாற்ற வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். நல்ல மனுசன். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மணிக்கூட்டை எடுத்து, அரை மணித்தியாலம் முன்னுக்குத் திருப்பி, தூசியையும் கையால் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் ஒழுங்கை முனையைக் கடக்கும் வரைதான் அக்கா பொறுத்தார். பிறகு அதே கதிரையில் ஏறினார்.

“என்ன சொன்னனீ அவரிட்ட?”

“பேட்டரி இறங்கிருச்சுன்னு சொன்னேன்.”

“நல்ல மணிக்கூட்டைப் பழுதெண்டு சொன்னனியே?”

உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி கிடைக்கும் என்று நினைத்தவளுக்கு ஏச்சுத்தான் கிடைத்தது. ஆத்திரத்தில், மணிக்கூட்டை எப்படித் திருப்பி வைத்தாலும் அங்கே கணவர் சாப்பிடும் பொழுது மாறப் போவதில்லை என்று விளக்கிச் சொன்னேன். படித்தவள் அல்லவா. அக்கா முழுவதையும் கேட்டார். “அது நீ படிச்ச கணக்கு” என்றார். “அவரும் பன்னிரண்டு எண்டு பாப்பார், நானும் பன்னிரண்டு எண்டு பாப்பன். எனக்கு அது காணும்.”

சமாதானப் பேச்சு வந்து, சண்டையில் பூட்டிக் கிடந்த, வடக்கே போகும் கண்டி வீதியைத் திறந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான்கள் ஓடத் தொடங்கின. எங்கள் ஒழுங்கையில் நிறுத்தும் ஒரு வான்காரர் வழியில் கிளிநொச்சியில் இறங்கி, அக்காவுக்கும் கணவருக்கும் இடையில் செய்தி கொண்டு திரிந்தார். வீட்டுக்குத் திரும்பக் கூரை போட்டாயிற்று, வா என்று கணவர் சொல்லி அனுப்பினார். விசா வரப்போகிறது, நீங்கள் கொழும்புக்கு வாருங்கள், இரண்டு பேருமாகப் போவோம் என்று அக்கா சொல்லி அனுப்பினார். பல மாதங்கள் இப்படியே. கடைசியில் கணவர், ஓமந்தை வரைக்கும் வருகிறேன், ஆமிக்காரன் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன், நீ இந்தப் பக்கம் வந்து என்னைப் பார்த்துவிட்டாவது போ என்றார். அக்கா என்னைக் கூப்பிட்டார். அங்கே சிங்களம் கதைக்க ஆள் வேண்டும்.

நான் அதுவரை வவுனியாவைத் தாண்டியதில்லை. ஓமந்தையில் நாட்டை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று பேப்பரில் வாசித்து, பெரிய மதில், கம்பிவேலி என்று ஏதேதோ கற்பனை செய்துகொண்டு போனேன். இருந்தது தகரக் கொட்டகைகள். மண் நிரப்பிய பீப்பாக்கள், பனங்குற்றி அடுக்கிய காவலரண், பற்றைக்குள் மிதிவெடி என்று மண்டையோடு போட்ட பலகைகள். சிவந்த புழுதியில் சனம் பெட்டியும் பையுமாக வரிசையில் நின்றது. இந்தக் கொட்டகைக்கு அப்பால் வெறும் வீதி, யாருக்கும் சொந்தமில்லாதது. அது முடியும் இடத்தில் இயக்கத்தின் கொட்டகை. அங்கே, என் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஒரு மனிதர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்.

அக்கா இரண்டு சாரமும் சவர்க்காரக் கட்டிகளும் ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டு வந்திருந்தார். ஆமிப் பொடியன் எல்லாவற்றையும் திறந்து பார்த்து மூடினான். அட்டையைப் பார்த்தான். வரிசையில் முன்னால் போன எல்லோரிடமும் கேட்டதை இவரிடமும் கேட்டான்:

“ஆபஹு எனவத?”

“திரும்பி வருவீங்களான்னு கேக்கிறாரு” என்றேன்.

அக்கா வீதியைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முதுகில் பையால் இடித்தார்கள். பொடியன் பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன்.

“நீயே சொல்லு” என்றார்.

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று காலைவரைக்கும் திரும்பி வருவதாகத்தான் பேச்சு. எனக்குச் சந்தேகம் வர ஒரு காரணமும் இருக்கவில்லை. வெயில் வேறு.

“எனவா” என்றேன். வருவார்.

நாலரைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அக்கா நடந்தார். நான் தேத்தண்ணிக் கொட்டில் ஒன்றில் உட்கார்ந்து, கொண்டுபோன பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்கவில்லை. கடவையை ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். நாலரை ஆயிற்று, ஆள் இல்லை. நாலே முக்காலுக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அரை மணியைக் கூட்டிக் கூட்டியே பழகியவள், அன்றைக்குப் பார்த்து அந்தக் கணக்கைப் போட மறந்துவிட்டேன். அக்கா சொன்னது அவருடைய நாலரை. அது ஆமியின் ஐந்து. வெள்ளவத்தையில் என்றால் யாராவது பிந்திவிட்டது என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் எல்லோருடைய மணிக்கூடும் அவருடையதைப் போலவே ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

பொடியனிடம் போய்க் கெஞ்சினேன். அவர்களுடைய நாலரை எங்களுக்கு ஐந்து, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவனுக்கு அது தெரிந்திருந்தது. தினமும் யாராவது இப்படி அகப்படுவார்கள் என்றான். கடவையைப் பூட்டும் சங்கிலியை எடுத்து, அதில் இல்லாத சிக்கலை மெதுவாக எடுத்துக்கொண்டு நின்றான். வீதியின் முடிவில் புழுதி எழுந்தது. அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வவுனியாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மெலிந்துவிட்டார், கூரை நன்றாகப் போட்டிருக்கிறாராம் என்றார். பிறகு தானே தொடங்கினார்.

“நீ அவனிட்ட வருவன் எண்டுதானே சொன்னனீ?”

“ஆமாக்கா.”

“அதான் வந்தனான்.”

“வரமாட்டாங்கன்னு சொல்லியிருந்தா?”

“இப்ப அங்க உலை வச்சிருப்பன்.”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இரண்டு மொழியும் தெரியும் என்று நான் பெருமைப்பட்டது மீன் விலை பேச, பொலிஸ்காரரைச் சமாளிக்க. தன் குடும்பத்தையே என் வாயில் வைத்துவிட்டு நடந்து போவாரா ஒருவர்? அடுத்த தடவை நீங்களே சொல்லுங்கள், என்னிடம் கேட்காதீர்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பி, “ஓம், அது சரிதான்” என்றார்.

அடுத்த வருடம் விசா வந்தது. நானா இனிப்புக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார். மகன் தொலைபேசியில், குளிர் உடுப்பு ஒன்றும் வாங்க வேண்டாம், இங்கே எல்லாம் இருக்கிறது என்றானாம். மட்டக்களப்புப் பிள்ளை அக்காவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டாள். அந்தக் கிழமையில்தான் அக்கா தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “பிள்ளை, திரும்பி வரமாட்டன் எண்டதைச் சிங்களத்தில எப்பிடிச் சொல்லுறது?”

மட்டக்களப்புப் பிள்ளை சிரித்தாள். “கனடாக்குப் போற அக்காக்கு என்னத்துக்குகா சிங்களம்?” என்று என்னைக் கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

“ஆபஹு என்னெ நே” என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு முதல் சொல்லே வரவில்லை. நான் ஆமிப் பொடியனாக நிற்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். அம்மிக்குப் பக்கத்திலும், கழுவும் தொட்டியிலும், ஒழுங்கை முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இது நடந்தது. மனம் மாறினால் சொல்ல இருக்கட்டும் என்று, வருவேன் என்பதற்கு ‘எனவா’, அதையும் படித்து வையுங்கள் என்றேன்.

“வேண்டாம். ரெண்டையும் படிச்சா மாறிச் சொல்லிப்போடுவன்.”

நான் விடவில்லை. மகனை நினைக்கவில்லையா என்று கேட்டேன். மகனிடம் சொல்லியாயிற்று, அழுதான், அவனுக்கு முன்னால் நிறையக் காலம் இருக்கிறது என்றார். இந்தச் சமாதானம் நிலைக்காது, எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். வீதியைத் திரும்பவும் பூட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்றேன்.

“பூட்டட்டுமன். போன முறை பூட்டேக்க நான் வெளியில நிண்டனான். இந்த முறை உள்ளுக்க நிப்பன்.”

அவர் போன நாளில் எனக்குப் பரீட்சை. விடிய முன் வான் வந்து நின்றது. ஏழு வருடத்துக்கு மேல் இருந்த வீட்டிலிருந்து அவர் சாமான் கட்டி முடிக்க ஒரு காலைப்பொழுது கூடத் தேவைப்படவில்லை. சுவர்களில் கழற்ற ஒன்றும் இருக்கவில்லை. என் தலையில் கை வைத்து, “நல்லா எழுது” என்றார். அவ்வளவுதான்.

பட்டம் கிடைத்தது. வேறு வேலையும் கிடைத்தது. வீதியைத் திரும்பவும் பூட்டினார்கள். சண்டை தொடங்கி முடிந்தது. முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அலுவலகத்தாரோடு யாழ்ப்பாணம் பார்க்கப் போனேன். வழியில் ஓமந்தையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். இதுதானா அந்த எல்லை, ஒன்றையும் காணோமே என்று கூட வந்த சிங்களப் பெண் ஒருத்தி கேட்டாள். எனக்கும் கொட்டகை இருந்த இடம் பிடிபடவில்லை. வீதியை அகலமாக்கித் தார் ஊற்றியிருந்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்ட ஒரு கல்லுக்கூட இல்லை. நான் கொஞ்ச தூரம் வடக்கே நடந்து பார்த்துவிட்டு, டிரைவர் கோர்ன் அடித்ததும் திரும்பி வந்தேன்.

அக்காவைப் பற்றி இரண்டு செய்திகள் உண்டு. அவரையும் கணவரையும், சண்டை முடிந்ததும் சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்கு முன்பே, கடைசிச் சண்டையில் கடற்கரைப் பக்கம் சனம் சிதறிய நாளில், இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நெரிசலுக்குள் போனதைக் கண்டதாகவும் அதற்குப் பிறகு காணவில்லை என்றும் இன்னொருவர் சொன்னார். மகன் இரண்டையும் வைத்துக்கொண்டு இன்னும் தேடுகிறான். என் இலக்கத்தை எப்படியோ எடுத்து ஒரு நாள் கனடாவிலிருந்து பேசினான். நல்ல மரியாதையான பிள்ளை. அம்மாவை நீங்கள் மறித்திருக்கலாமே அக்கா என்று கேட்டான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவரைக் கூட்டிப் போன வான்காரர் திரும்பி வந்து எங்களுக்குச் சொன்னது அது. ஓமந்தையில் வேறு ஒரு ஆமிப் பொடியன் இருந்தானாம். அதே கேள்விதான். வான்காரர் மொழிபெயர்க்க வாயைத் திறந்திருக்கிறார், அக்கா கையைக் காட்டி மறித்துவிட்டார். அவனை நேரே பார்த்து, திரும்பி வரமாட்டேன் என்று தானே சொல்லியிருக்கிறார், பிழையில்லாமல். அவனுக்கு ஆச்சரியம். ஏன் என்று கேட்டிருக்கிறான்.

ஏன் என்பதற்குப் பதில் சொல்ல நான் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அக்கா அதே வசனத்தை, முதல் தடவையைவிடக் கொஞ்சம் உரத்து, இன்னொரு தடவை சொன்னாராம்.